கறையான் தின்னாத மரப்பாச்சி

சென்னையில் உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பும் இந்தக் கடிதத்தை ரயிலில் வைத்துப் படிக்காதே கண்ணா. ரூமுக்குப் போய், சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து படி. பாதியில் நிறுத்திவிட்டு எனக்கு போன் போடவும் கூடாது. தாலுகா ஆபீஸ் பக்கத்தில் மேஜை போட்டு முப்பத்தைந்து வருஷமாக ஊராருக்குக் கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று பத்திரம் எழுதிக் குவித்தவன் உன் நைனா. எதிரில் இருப்பவர் சொல்லச் சொல்ல எழுதித்தான் எனக்குப் பழக்கம். என் சொந்த விஷயத்தை எழுத உட்கார்ந்து இன்றோடு நாலு நாளாகிறது. கிழித்துப் போட்ட தாள்களைப் பார்த்துவிட்டு உன் அம்மா, "இன்னாத்துக்கு இத்தினி பேப்பர வேஸ்ட் பண்ணிகினு கீறீங்க? புள்ள ஞாயித்துக்கெழம வரப்போறான், நேர்ல சொல்லுங்களேன்" என்றாள். நேரில் சொன்னால் உன் முகம் மாறுவதைப் பார்த்துப் பாதியை விழுங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. முதல் பத்திரிகையை மலைக்குக் கொண்டுபோய்ச் சாமி காலடியில் வைத்து எடுத்து வந்தாயிற்று. மண்டபத்துக்கும் சமையலுக்கும் சொல்லியாயிற்று. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, நான் ஒருவன்தான் ஒழுங்காக இல்லை. காரணம் நிச்சயதார்த்தத்தன்று யமுனாவின் அம்மா சரோஜா எல்லார் முன்னாலும் எழுந்து உன்னிடம் சொன்னது. உனக்கும் நினைவிருக்கும். "இந்த மரப்பாச்சி ஜோடி எங்க மாமனார் காலத்துது. யமுனா பன்னெண்டாவது முடிச்சப்ப நான் இத வித்துடத்தான் இருந்தேன். உங்க நைனாதான், வேணாம்மா, பொறுங்கன்னு தடுத்தாரு. அன்னிக்கு அவர் பேச்ச கேக்காம இருந்தா, இன்னிக்கு பொண்ணுக்குக் குடுத்தனுப்ப எங்கிட்ட இன்னா இருக்கும்?" என்று சொல்லி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அவ்வளவு பெருமை உன் முகத்தில். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். அந்தக் கும்பிடுக்கும் உன் பெருமைக்கும் நான் யோக்கியதை உள்ளவன் அல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் வீட்டுக்கு பொம்மைகள் எப்படி வந்தன என்று உனக்கு முழுசாகத் தெரியாது. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப் போகும் வீடுகளில் அண்ணன் தம்பிகள் அரை சென்ட் நிலத்துக்கும் ஒரு வேப்பமரத்துக்கும் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். பரண்மேல் இருக்கும் கொலு பொம்மைப் பெட்டியை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். அது பத்திரத்தின் எந்தச் சொத்துப் பட்டியலிலும் வராது. கடைசியில், "ரைட்டர் சார், உங்களுக்கு வேணும்னா எட்த்துகினு போங்க" என்பார்கள். அப்படி வந்தது முதல் பெட்டி. அதில்தான் நம் வீட்டுச் செம்மர மரப்பாச்சி ஜோடி, ஆண் ஒன்று பெண் ஒன்று, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரம். உனக்கு அப்போது எட்டு மாதம். மரப்பாச்சியைப் பிள்ளை கடித்தால் நல்லது என்று உன் அம்மா அதைக் கழுவி உன் கையில் கொடுத்தாள். பெண் பொம்மையின் தோளில் உன் முதல் பற்கள் இரண்டும் பதிந்தன. அதற்குப் பிறகு நானே தேடிப் போய் வாங்க ஆரம்பித்தேன். காகிதக்கூழ் பொம்மை, களிமண் பொம்மை, திருப்பதிப் பக்கத்து மரப் பொம்மை என்று நாலு அலமாரி நிறைந்தது. உன் அம்மா என்னைப் பொம்மைப் பைத்தியம் என்றாள். எனக்கு அது பட்டம் போல இருந்தது.

திருத்தணியிலும் ஆர்.கே.பேட்டையிலும் என்னைப் போல ஏழெட்டுப் பைத்தியங்கள் இருந்தோம். நவராத்திரிக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவோம், சுண்டல் தின்றுகொண்டே ஒவ்வொரு பொம்மைக்கும் கதை கேட்போம். பிறகு சென்னைக்காரர்கள் பழைய பொம்மைக்கு விலை கொடுக்க ஆரம்பித்தார்கள். போனில் படம் அனுப்பினால் போதும், பதில் வரும். அப்போதிலிருந்து நாங்கள் கதை கேட்பதை விட்டோம். பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி அடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினோம். வாட்ஸப்பில் ஒரு குரூப் வைத்து, இன்ன பொம்மையை இன்ன விலைக்குக் கீழே யாரும் கொடுக்கக் கூடாது என்று எங்களுக்குள் பேசி வைத்திருந்தோம். அந்த யோசனையைச் சொன்னது நான்தான். நிலத்தில் நான் பார்த்த பாடம் அது. ஒரு தெருவில் ஒருவன் அவசரத்துக்கு மனையைக் குறைந்த விலைக்குப் பதிந்துவிட்டால், அடுத்து வாங்க வருகிறவன் அந்தப் பத்திரத்தைத்தான் நீட்டுவான். தெருவே இறங்கிப்போகும். பொம்மையும் அப்படித்தான் என்று நினைத்தேன். உன் அம்மாவிடம், "இது பொம்ம இல்ல, நம்ம புள்ளைக்கு ஊடு" என்று அலமாரியைக் காட்டிச் சொல்வேன்.

இப்போது யமுனா வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா திடீரென்று இறந்தபோது, வாரிசு சான்றுக்கு வேண்டிய மனுவெல்லாம் எழுதிக் கொடுத்தவன் நான். சரோஜாவிடம் கை நீட்டிக் காசு வாங்கவில்லை. அந்த நன்றியில் எதற்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை பதினோரு மணி வாக்கில், ஒரு அட்டைப் பெட்டியைச் சுமந்துகொண்டு என் மேஜைக்கு வந்தார். தறியில் மிஞ்சின துணியில் சுற்றி அவர்கள் வீட்டு பொம்மைகள். மேலே அந்த மரப்பாச்சி ஜோடி, அசல் நம் வீட்டு ஜோடி மாதிரியே. "சார், மெட்ராஸ் ஏவாரி ஒருத்தரு போட்டோ பாத்துட்டு வெல சொல்லிகீறாரு. பொண்ணுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிகீது. மொத வருஷப் பணம் இதுலயே வந்துடும். குட்த்துடலாமா? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றார். அந்த வியாபாரி சொன்ன விலையையும் சொன்னார். எங்கள் குரூப்பில் பேசி வைத்த விலையில் அது முக்கால் பங்குதான். இந்தம்மா இந்த விலைக்குக் கொடுத்தால், நாளைக்கு அதே ஆள் என்னிடம் வந்து இதைத்தான் நீட்டுவான். என் அலமாரி நாலும் ஒரே நாளில் கால் பங்கு இறங்கிவிடும்.

நான் அதை அவரிடம் சொல்லவில்லை. "அவசரப்படாதீங்கமா. அடுத்த நவராத்திரிக்கு இது ரெண்டு மடங்கு போவும்" என்றேன். அவர், "சீட்டு அதுவரைக்கும் நிக்குமா சார்?" என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "அடுத்த வருஷம் சேத்துக்கலாம். பொண்ணு எங்க போயிடப்போவுது?" இதைச் சொல்லும்போது என் கையில் யாரோ ஒருவரின் முத்திரைத்தாள் இருந்தது, நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஆங், சரிங்க சார். நீங்க சொன்னா சரிதான்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போனார். அன்றைக்கு நான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகக்கூட நினைத்துக்கொண்டேன். மனுஷன் தனக்கு லாபமானதை அடுத்தவனுக்கு உபகாரம் என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம், பார்.

இதோடு நின்றிருந்தால் தெரியாமல் சொன்ன யோசனை என்று ஒருவேளை மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். மூன்று வாரம் கழித்து அந்த வியாபாரி எனக்கே போன் செய்தார். "சார், பெரிய சைஸ் மரப்பாச்சி ஒரே ஒரு ஜோடி வேணும். வாங்கற பார்ட்டி ஒருத்தர்தான். அம்மையார்குப்பத்து அம்மா தரமாட்டேன்னுட்டாங்க. உங்ககிட்ட இருக்கா?" என்றார். அது உன் கடைசி வருஷ ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். அந்த ஆளிடம் நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: இன்னொரு தடவை அந்தம்மாவையே கேளுங்கள், இப்போது தருவார்கள் என்று. அவர் கேட்டது ஒரு ஜோடிதான். ஒரு வீட்டுக்குத்தான் அந்தப் பணம். நான் நம் வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டேன். குறைவான விலை, கொடுக்காதீர்கள் என்று எந்த விலையைச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினேனோ, அதே விலைக்குத் தலையாட்டினேன். வியாபாரி பெண் பொம்மையின் தோளில் உன் பல் தடத்தை நகத்தால் தொட்டுக் காட்டி அதிலும் கொஞ்சம் குறைத்தார். அதற்கும் சரி என்றேன். மீதி பொம்மைகளையும் காட்டினேன், "இதெல்லாம் இப்ப ஓடல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஜோடியின் பணத்தோடு கொஞ்சம் போட்டு உன் ஃபீஸ் கட்டினேன். உன் டிகிரியில் அது இருக்கிறது. இது உன் குற்றமல்ல, ஆனால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன் அம்மா கடையிலிருந்து வந்து அலமாரியில் இருந்த இடைவெளியைப் பார்த்தாள். கறையான் அரித்துவிட்டது, தூக்கிப் போட்டேன் என்றேன். "செம்மரத்த கறையான் தின்னுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை, எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்தக் கேள்வி ஏழு வருஷமாக உட்கார்ந்திருந்தது. அந்த வருஷ நவராத்திரிக்கு லீவில் வந்த நீயும், "நைனா, மேல் படியில மொதல்ல மரப்பாச்சிதானே வெப்போம், எங்க?" என்றாய். உனக்கும் கறையான்தான் பதில். இஞ்சினியருக்குப் படிக்கிற பிள்ளை, அப்படியா என்று நம்பிவிட்டாய். உன் படிப்பைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்த ஒரே நாள் அதுதான்.

அடுத்த நவராத்திரிக்கு விலை இரண்டு மடங்காகவில்லை, பாதியாயிற்று. அதற்கடுத்த வருஷம் கேட்க ஆளே இல்லை. சென்னையில் பெரிய வீடுகளைக் காலி செய்து ஃப்ளாட்டுக்குப் போனவர்களும், வெளிநாட்டில் இருந்துகொண்டு பெற்றோர் வீட்டைப் பூட்டியவர்களும், கொலுவை அப்படியே படம் பிடித்து விற்பனைக்குப் போட்டார்கள். எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்த பொம்மை எல்லார் பரணிலும் இருந்தது. எங்கள் குரூப் என்ன ஆயிற்று தெரியுமா? விலை ஏறினபோது பெருமையடித்தோம், இறங்கினபோது பொய் சொன்னோம். யாரும் விற்கவில்லை என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கு ஆள் ரகசியமாக விற்கப் பார்த்தோம். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இருந்தார், அலமாரியைப் பார்த்தாலே வயிறு எரிகிறது என்று கொலு வைப்பதையே நிறுத்திவிட்டார். இன்னொருவர் இன்றைக்கும் பழைய விலையைச் சொல்லித் தன் சம்சாரத்தை நம்ப வைத்துக்கொண்டிருக்கிறார். நான் அலமாரிக் கண்ணாடிக்கு உள்பக்கம் பேப்பர் ஒட்டினேன். வெயில் பட்டால் வர்ணம் போய்விடும் என்று உன் அம்மாவிடம் காரணம் சொன்னேன். காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு காலத்தில் அந்த பொம்மைகளை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது, அது போய்விட்டது. விலை இறங்கினதில் எனக்குப் பெரிய நஷ்டம் அதுதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய நஷ்டம் அம்மையார்குப்பத்தில் ஒரு பெண்ணுக்கு நடந்துகொண்டிருந்தது.

சரோஜா நடுவில் இரண்டு தடவை போன் செய்தார். "சார், அந்த ஏவாரி போனே எடுக்கமாட்றாரு" என்று ஒரு தடவை. "யமுனா வேலைக்குப் போறேன்னு சொல்லிகினு கீறா, அனுப்பட்டுமா?" என்று இன்னொரு தடவை. இரண்டு தடவையும் பார்க்கலாம்மா என்றுதான் சொன்னேன். அவள் சென்னையில் ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக நடக்க வேண்டியவள். படிப்பு ஏறவில்லை, அதனால் வேலைக்கு வந்துவிட்டேன் என்று அவள் உன்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னதாக நீ சொன்னாயே, அது பொய் கண்ணா. பன்னிரண்டாவதில் அவள் வாங்கின மார்க்கை சரோஜா எனக்குக் காட்டியிருக்கிறார். ரயிலில் பழக்கமானவள் என்று நீ அவள் பெயரையும் ஊரையும் சொன்ன அன்று நான் ஜாதகம் சரியில்லை என்று ஒரு மாதம் இழுத்தடித்தேன், நினைவிருக்கிறதா? நீ கோபித்துக்கொண்டு இரண்டு ஞாயிறு வீட்டுக்கே வரவில்லை. ஜாதகம் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பெண் தினமும் என் எதிரில் காபி கொண்டுவந்து வைப்பாளே என்று பயந்தேன்.

விற்கவிடாமல் நான் தடுத்த பொம்மை, விலையெல்லாம் போன பிறகு, சீராக என் வீட்டுக்கே வரப்போகிறது. நான் விற்ற ஜோடி நின்ற அதே இடத்தில் அதைத்தான் உன் அம்மா வைக்கப்போகிறாள். அதை வாய் திறக்காமல் வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. முந்தாநாள் ஆர்.கே.பேட்டைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து அம்மையார்குப்பம் போனேன். சரோஜா பொம்மைகளுக்குக் கல்யாணத் துணி தைத்துக்கொண்டிருந்தார். தறியில் மிஞ்சின பட்டு, ஆண் பொம்மைக்கு வேட்டி, பெண்ணுக்கு அரக்குப் புடவை. "வாங்க சம்பந்தி" என்று எழுந்தார். உட்காரச் சொல்லி, இப்போது உனக்கு எழுதியிருப்பது எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்ததால் சில இடங்களில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

"நீங்க வித்தது எப்போ சார்?" என்றார். சம்பந்தி போய் மறுபடி சார் வந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து என்றேன். "அதே ஆளுக்கா?" ஆமாம் என்றேன். "அதே வெலைக்கா?" அதிலும் கொஞ்சம் குறைத்து என்றேன். அவர் ஊசியை எடுத்து அந்தச் சின்னப் புடவையின் ஓரத்தை முழுசாகத் தைத்து முடித்தார், நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். நான் அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னார். "பொம்ம நான் என் பொண்ணுக்குக் குடுக்கறது. அது குடுக்கறதுதான், அதுல மாத்தம் இல்ல. மன்னிச்சிட்டேன்னு நான் சொன்னா, அது என் பங்குக்குத்தான் சார். படிக்க வேண்டியவ அவதானே. எனக்குச் சொன்ன மாதிரி அவளுக்கும் நீங்களே சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன். உங்க புள்ளையும் சொல்லக்கூடாது." நான் எழுதின எத்தனையோ பாகப்பிரிவினையில் இவ்வளவு சரியாகப் பங்கு பிரித்தவரைப் பார்த்ததில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுதேன். அறுபத்துமூன்று வயசு ஆள் பஸ் ஸ்டாண்டில் அழுதால் யாராவது வந்து தண்ணீர் கொடுப்பார்கள், கொடுத்தார்கள்.

கல்யாணமாகப் போகிற பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். என்னிடம் இரண்டுதான் இருக்கிறது. யாராவது உன்னை நம்பி யோசனை கேட்டால், அந்த விஷயத்தில் உனக்கு என்ன ஆதாயம் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு யோசனை சொல். சொல்லக் கூச்சமாக இருந்தால் யோசனையே சொல்லாதே. எந்த நிலத்தை வாங்கினாலும் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கச் சொல்கிற நான், என் வாய்க்கு ஒரு வில்லங்கம் இருந்ததைக் காட்டாமல் பேசினேன். இன்னொன்று, யமுனா எப்போதாவது உன்னிடம் படிக்கிறேன் என்று சொன்னால், வாய் தவறிக்கூட அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிடாதே. இந்த வயதிலும் நர்சிங்கில் சேரலாமா என்று விசாரித்தேன், சேரலாம் என்கிறார்கள். ஃபீஸுக்காக ஆர்.கே.பேட்டை ரோட்டில் இருக்கும் நம் மனையை விற்க, நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு உன் அம்மாவும் சம்மதித்துவிட்டாள். அதை ஞாயிற்றுக்கிழமை எடுத்தவுடனே சொல்லி யமுனாவின் வாயை அடைக்கமாட்டேன். முதலில் என் தப்பைச் சொல்வேன். அவள் கோபப்பட வேண்டிய அளவு கோபப்படட்டும். மற்றது அதற்குப் பிறகு, அவளுக்கு வேண்டுமானால்.

ஞாயிறு காலை வண்டியில் அவளையும் அழைத்துக்கொண்டு வா. கல்யாண வேலை என்று மட்டும் சொல். அலமாரியில் ஒட்டின பேப்பரை எல்லாம் நேற்றே கிழித்துவிட்டேன், உன் அம்மா ஒவ்வொரு பொம்மையாகத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஜோடியின் இடத்தில் மட்டும் எதையும் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நான் பேசும்போது நீ பக்கத்தில் இரு, ஆனால் என் பக்கம் பேசாதே. நைனா அந்த நாளில் கஷ்டத்தில் இருந்தார் என்று ஆரம்பித்துவிடாதே, அதை நான் ஏழு வருஷமாக எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். நிச்சயதார்த்தத்தன்று அவள் என்னை சார் என்று கூப்பிட்டதற்கு உன் அத்தை, "இன்னும் இன்னாமா சாரு? மாமான்னு கூப்டு" என்று கேலி செய்தாள். "கல்யாணம் ஆவட்டும் அத்த" என்று அவள் சிரித்தாள். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வருவதற்கு முன்னால் இதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் கேட்டுவிட்டு அவள் என்னைக் கடைசிவரைக்கும் சார் என்றே கூப்பிட்டாலும், நீ அவளைத் திருத்தக் கூடாது.